திறக்காத சிப்பி: ஒரு அனிமேஷன் படம் நம்ம தியேட்டருக்கு வர 32 வருஷம் ஆன கதை

(இந்த எபிசோடின் பேச்சு, வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)



2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தான் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' இந்தியாவில் ரிலீஸ் ஆச்சு. ஜப்பான்காரங்க படம். ஆனா தன்ஜிரோ தமிழ்ல பேசினான். சப்டைட்டில் இல்லாம, நம்ம ஊர்ப் பிள்ளைங்க விசிலடிச்சுப் பார்த்தாங்க.

அதுக்கு அப்புறம் முத்தையாபுரத்தில் இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணே, நாங்க சின்னப்புள்ளையில இருந்து அனிமே பாக்கோம். இது தியேட்டருக்கு வர ஏன் இவ்ளோ நாளாச்சு? எவன் தடுத்தான்?"

நியாயமான கேள்வி. யாரும் தடுத்தாங்களான்னு தேடிப் போனா, பெரும்பாலும் பதில் வேற மாதிரி இருக்கு. யாரும் தடுக்கல, யாரும் எடுத்துட்டு வரல. ஒரு படம் தடை செய்யப்பட்டா செய்தி ஆகும். எடுத்துட்டு வர ஆள் இல்லாம ஒரு படம் மூலையில் கிடந்தா அது செய்தியே ஆகாது. இன்னைக்கு எபிசோட் அப்படி மூலையில் கிடந்த ஒரு படத்தைப் பத்தி.

முதல்ல கொஞ்சம் முத்து

தம்பி முத்தையாபுரம்னு சொன்னதால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல போனா வர்ற ஊர். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் ஸ்பிக் ஆலை, கொஞ்சம் தள்ளி துறைமுகம்.

இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் முத்துக் குளிச்சாங்க. அதுக்கு 'முத்துச் சலாபம்'னு பேர். எல்லா வருஷமும் நடக்காது. சிப்பி நல்லா விளைஞ்ச வருஷம் மட்டும்தான் நடக்கும். கடைசியா பெரிய அளவில் நடந்தது 1961-ல். அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்கள் மூழ்கி அள்ளிட்டு வந்த சிப்பியை, கரையில் குவிச்சு, ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. திறக்காமலே! உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவருக்குத் தெரியாது. ஒரு குவியலில் வீடு கட்டுற அளவுக்கு முத்து கிடைக்கலாம். இன்னொரு குவியலில் நாத்தம் மட்டும்தான் மிஞ்சும். கடலுக்குள்ள உயிரைப் பணயம் வைக்கிறவர் குளியாளி. கரையில் காசைப் பணயம் வைக்கிறவர் வியாபாரி.

சினிமா விநியோகமும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தமிழ்நாட்டையே ஏரியா ஏரியாவாப் பிரிச்சு விக்கிற பழக்கம் நமக்கு உண்டு. எங்க தூத்துக்குடி 'டி.கே.' ஏரியாவில் வரும், அதாவது திருநெல்வேலி–கன்னியாகுமரி. வெளிநாட்டு உரிமைக்கு 'ஓவர்சீஸ்'னு பேர். ஒரு விநியோகஸ்தர் 'மினிமம் கேரன்டி' கொடுத்து ஒரு படத்தை எடுத்தார்னா, படம் ஓடினாலும் ஓடாட்டியும் இவ்வளவு பணம் தயாரிப்பாளருக்கு உண்டுன்னு அர்த்தம். திறக்காத சிப்பியை வாங்குறது அதுதான்.

வெளிநாட்டுப் படம்னா வேலை இன்னும் அதிகம். உரிமை வாங்கணும், டப்பிங் பண்ணணும், அந்தந்த மொழிக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கணும், தியேட்டர்காரங்ககிட்ட ஷோ கேட்டு நிக்கணும், போஸ்டர் அடிக்கணும். இதெல்லாம் செய்யற ஒரு கம்பெனி இல்லைன்னா, உலகத்திலேயே அழகான படமா இருந்தாலும் அது பெட்டிக்குள்ளதான் இருக்கும்.

1983: தோண்ட வந்த இடத்தில் கிடைச்ச கதை

யூகோ சாகோ. ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர். 1983-ல் உத்தரப் பிரதேசத்தில், அலகாபாத் பக்கம், தொல்லியல் அறிஞர் பி.பி. லால் நடத்தின அகழாய்வுகளைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுத்துட்டு இருந்தார். அந்த வேலையில்தான் அவருக்கு ராமாயணம் அறிமுகம் ஆகுது. கதை பிடிச்சுப் போய், ஜப்பானிய மொழியில் கிடைச்ச பத்து ராமாயணங்களைப் படிச்சார். படிச்சு முடிச்சதும் அவருக்கு ஒரே எண்ணம்: இதை அனிமேஷனா எடுக்கணும். ராமர் தெய்வம், ஒரு நடிகரை வச்சுக் காட்டுறதை விட ஓவியமா வரைஞ்சு காட்டுறதுதான் சரின்னு அவர் நினைச்சார்.

ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு சிக்கல். ஆவணப்படம் பத்தி இந்தியப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்துட்டு, ஒரு வெளிநாட்டுக்காரர் ராமாயணத்தையே படமா எடுக்கப் போறார்னு தப்பாப் புரிஞ்சுகிட்ட விசுவ இந்து பரிஷத், டெல்லியில் இருக்கிற ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்புச்சு. சாகோ போய் விளக்கம் சொன்னார். விளக்கம் சொன்ன கையோட, 'நான் இதை அனிமேஷனா எடுக்கலாமா?'ன்னு அவங்ககிட்டயும் அரசாங்கத்துக்கிட்டயும் கேட்டார். எதிர்ப்புக் கடிதம் போட்டவங்ககிட்டயே போய் அனுமதி கேட்ட மனுஷன்!

ரெண்டு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பா எடுக்கலாம்கிறது அவர் திட்டம். இந்திய அரசு முதல்ல சரின்னு சொல்லிட்டு, அப்புறம் பின்வாங்கிடுச்சு. ராமாயணம் நுட்பமான விஷயம், அதைக் கார்ட்டூனாக் காட்ட முடியாதுங்கிறதுதான் காரணம். அயோத்தி விவகாரம் சூடா இருந்த காலம் வேற. இன்னொன்னையும் யோசிக்கணும். அன்னைக்கு நம்ம ஊரில் 'கார்ட்டூன்'னா குழந்தைகளைச் சிரிக்க வைக்கிற சமாச்சாரம். ஜப்பானில் பெரியவங்களும் உட்கார்ந்து பார்த்து அழுத கலை அது. ஒரே பொருளுக்கு ரெண்டு நாட்டில் ரெண்டு அர்த்தம்.

450 பேர், ஒரு லட்சம் ஓவியங்கள்

சாகோ விடல. ஜப்பானிலேயே 'நிப்பான் ராமாயணா ஃபிலிம்' என்ற கம்பெனியை ஆரம்பிச்சார். 1990-ல் முக்கிய வேலைகள் தொடங்குச்சு. கோய்ச்சி சாசாகியும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து இயக்கினாங்க.

ராம் மோகன் யாருன்னு கொஞ்சம் சொல்லணும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிச்சுட்டு, 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர். இந்திய அனிமேஷனின் தந்தைன்னு அவரைச் சொல்வாங்க. 2014-ல் பத்மஸ்ரீ கிடைச்சது.

450 கலைஞர்கள். கையால வரைஞ்ச செல்கள் கிட்டத்தட்ட 1,00,000. பட்ஜெட் 80 கோடி யென். வேட்டி எப்படிக் கட்டணும், பெரியவங்ககிட்ட பிள்ளைங்க எப்படி ஆசீர்வாதம் வாங்கும்கிறதை எல்லாம் இந்தியக் கலைஞர்கள் சொல்லித் தர, ஜப்பானியர்கள் வரைஞ்சாங்க. இசை வன்ராஜ் பாட்டியா. வசனம் ஆங்கிலத்தில், பாட்டு சமஸ்கிருதத்தில். 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' முடிஞ்சது.

1993 ஜனவரி 10. டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் படத்தைப் போட்டாங்க. தேதியைக் கவனிங்க. பாபர் மசூதி இடிக்கப்பட்டது 1992 டிசம்பர் 6. நடுவில் இருந்தது வெறும் ஐந்து வாரம். நாடு முழுக்கக் கலவரம், பயம். அந்த நேரத்தில் ராமர் பேரில் வந்த ஒரு ஜப்பானியக் கார்ட்டூனை எந்த விநியோகஸ்தர் கையில் எடுப்பார்?

நான் அந்த விநியோகஸ்தர்களைத் திட்ட வரல. ஏலத்தில் கை தூக்காதவர் குற்றவாளி இல்லை. அவர் கணக்கில் அது நஷ்டக் குவியல். இந்தியாவில் முழுநீள அனிமேஷனுக்குன்னு ஒரு மார்க்கெட்டே அன்னைக்கு இல்லை. ஆனா விளைவு என்ன? இந்தியக் கதை, இந்திய இயக்குநர், இந்திய இசை இருந்தும், இந்தியாவில் அந்தப் படத்துக்குப் பெரிய தியேட்டர் ரிலீஸ் கிடைக்கல. படம் எடுத்த ஜப்பானிலேயே 1997 நவம்பரில்தான் தியேட்டருக்கு வந்துச்சு.

இங்க ஒரு சுவாரசியமான பக்கக் கதை. அடுத்த வருஷம், 1998 ஜூனில், அதே டோக்கியோவில் நம்ம ரஜினியோட 'முத்து' ரிலீஸ் ஆகி மாசக்கணக்கில் ஓடுச்சு. எப்படி? ஜூன் எதோகின்னு ஒரு ஜப்பானிய சினிமா விமர்சகர், சிங்கப்பூருக்குப் போன இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்துட்டு அசந்து போனார். அவர் சிபாரிசில் ஒரு சின்ன விநியோக நிறுவனம் துணிஞ்சு எடுத்துச்சு. பாஷை தெரியாது, நடிகரைத் தெரியாது. ஆனா ஒருத்தர் கை தூக்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எடுத்துட்டுப் போறவங்க கையில் கத்தரிக்கோல்

சரி, ஒரு கம்பெனி எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? அதுவும் இல்லை.

ஹயாவோ மியாசாகியோட 'நௌசிகா' 1984-ல் வந்த படம். அதை அமெரிக்காவில் 1985-ல் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் வெளியிட்டப்போ இருபது நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. படத்தோட பேர் 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' ஆச்சு, நாயகி நௌசிகா 'சாண்ட்ரா' ஆனாள். சுற்றுச்சூழல் பத்தின ஒரு ஆழமான படம், பசங்க பார்க்கிற சண்டைப் படமா மாறிடுச்சு. கிப்லி ஸ்டூடியோக்காரங்க இந்தக் காயத்தை மறக்கவே இல்லை. 1996-ல் கிப்லி படங்களுக்காக டிஸ்னியோட ஒப்பந்தம் போட்டப்போ, வெட்டக் கூடாதுங்கிறது முக்கிய நிபந்தனை. 'பிரின்சஸ் மோனோனோகே'யை அமெரிக்காவில் வெளியிடப் போன மிராமாக்ஸ் கம்பெனித் தலைவருக்கு, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி ஒரு சாமுராய் வாளைப் பரிசாக் கொடுத்து 'நோ கட்ஸ்'னு சொன்ன கதை உலகப் பிரசித்தம்.

சாகோவுக்கு அப்படி வாள் நீட்டுற பலம் இல்லை. அவர் படம் அமெரிக்காவுக்குப் போனப்போ 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' ஆச்சு. நீளம் குறைஞ்சது. புதுக் குரல்கள் வந்துச்சு. கதை சொன்னவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், 'லயன் கிங்'கில் முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவர். ராமருக்குக் குரல் யார் தெரியுமா? பிரையன் கிரான்ஸ்டன்! ஆமா, 'பிரேக்கிங் பேட்' வால்டர் ஒயிட்தான். அந்த சீரியல் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி.

கேட்கச் சிரிப்பா இருந்தாலும் இதில் ஒரு உண்மை இருக்கு. விநியோகஸ்தர் வெறும் லாரி டிரைவர் இல்லை. பேரை மாத்துறார், குரலை மாத்துறார், இது யாருக்கான படம்னு முடிவு பண்றார். ஒரே படம், ரெண்டு நாட்டில் ரெண்டு படமா வாழுது.

டி.வி.யில் பிழைச்ச படம்

அப்போ நமக்கு இந்தப் படம் எப்படித் தெரியும்? இந்தி டப்பிங் ஒன்னு வந்துச்சு. சீரியலில் ராமரா நடிச்ச அருண் கோவில் இதிலும் ராமருக்குக் குரல் கொடுத்தார். ராவணனுக்கு அம்ரீஷ் பூரி. அப்புறம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுச்சு. லீவு நாளில் தரையில் உட்கார்ந்து, தட்டில் சோறு ஆறுறது தெரியாம, கும்பகர்ணன் எழுந்திரிக்கிறதை வாய் பிளந்து பார்த்த தலைமுறை ஒன்னு இருக்கு. நானும் அதில் ஒருத்தன். இது ஜப்பான்காரங்க வரைஞ்சதுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது.

தியேட்டர் விநியோகஸ்தர்கள் கை தூக்காத குவியலை டி.வி. எடுத்துச்சு. அதுக்கு அப்புறம் இணையத்தில் ரசிகர்களே ஏத்தி, பகிர்ந்து, உயிரோட வச்சிருந்தாங்க. 2000-களில் அனிமே பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். போகிமான், டிராகன் பால், நரூட்டோ எல்லாம் டி.வி. வழியாத்தான் வந்துச்சு, மீதி டவுன்லோடு வழியா. ரசிகர்கள் இருந்தாங்க. ஆனா டிக்கெட் கவுன்டரில் அவங்க கணக்கில் வரல. கணக்கில் வராத ஆள் கம்பெனிக்காரங்க கண்ணுக்கும் தெரியமாட்டார்.

கணக்கில் வந்தபோது

அது மாறின ஒரு தேதி உண்டு. 2019 அக்டோபர் 11. மகோதோ ஷின்காயோட 'வெதரிங் வித் யூ' அன்னைக்கு இந்தியத் தியேட்டர்களுக்கு வந்துச்சு. வர வச்சது யார்? ரசிகர்கள். படத்தை இந்தியாவுக்குக் கொண்டு வாங்கன்னு இணையத்தில் ஒரு மனு போட்டு, 50,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. ஏலத்துக்கு முன்னாடியே, 'உள்ளே முத்து இருக்கு, நாங்க வாங்கிக்கிறோம்'னு கூட்டம் சொல்லிடுச்சு.

அதே நாள், 2019 அக்டோபர் 11-ல்தான் ராம் மோகன் காலமானார். ரெண்டு நாட்டுக் கைகளும் சேர்ந்து ஒரு படம் வரைஞ்சதில் பாதிப் பங்கு அவருடையது. ஜப்பானிய அனிமேஷனுக்காக இந்திய இளைஞர்கள் தியேட்டர் வாசலில் நின்ன நாளில் அவர் போயிட்டார். யூகோ சாகோ அதுக்கும் முன்னாடியே, 2012-ல் இறந்துட்டார்.

அப்புறம் வேகம் பிடிச்சது. 2023-ல் 'சுசுமே'யை பிவிஆர் பிக்சர்ஸ் கொண்டு வந்துச்சு. பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தாங்க. சோனி 2021-ல் கிரன்ச்சிரோலை வாங்குச்சு. அனிமே தயாரிக்கிற அனிப்ளெக்ஸும் சோனியோடதுதான். எடுக்கிறதும் அவங்க, எடுத்துட்டு வர்றதும் அவங்க. தமிழ் டப்பிங் வரைக்கும் அந்தச் சங்கிலி நீண்டுச்சு.

கடைசியா, 2025 ஜனவரி 24. கீக் பிக்சர்ஸ், எக்செல் என்டர்டெயின்மென்ட், ஏ.ஏ. ஃபிலிம்ஸ் மூணும் சேர்ந்து, 4கே-யில் புதுப்பிச்ச 'ராமாயணா' படத்தை இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் இந்தியத் தியேட்டர்களுக்குக் கொண்டு வந்தாங்க. டெல்லி விழாவில் போட்டதில் இருந்து 32 வருஷம்! பழைய இந்திக் குரல்களுக்குப் பதிலா புதுக் குரல்கள். பழைய குரல்களோட வளர்ந்தவங்களுக்கு அதில் வருத்தம். பார்த்தீங்களா, விநியோகஸ்தர் இங்கயும் படத்தை மாத்தியிருக்கார்.

ஆள் இருந்தா மட்டும் போதுமா?

போதாது. அதுக்கு நம்ம கிட்டயே உதாரணம் இருக்கு. 2014 மே 23, 'கோச்சடையான்'. ரஜினி, ஏ.ஆர். ரஹ்மான், பின்னால ஈராஸ் மாதிரி உலகம் முழுக்கப் படம் வெளியிடுற கம்பெனி, பல மொழிகள், 3டி. வெளியே கொண்டு போக எல்லாம் தயார். ஆனா மோஷன் கேப்சர் அனிமேஷன் எதிர்பார்த்த தரத்தில் இல்லைன்னு பலரும் சொன்னாங்க. அதுக்கு அப்புறம் தமிழ்ல அந்த அளவில் அனிமேஷனுக்குப் பணம் போட யாரும் சீக்கிரம் முன்வரல. ஒரு குவியலில் முத்து இல்லைன்னா, கடலிலேயே முத்து இல்லைன்னு முடிவு கட்டுறது வியாபாரத்தோட பழக்கம்.

அந்த முடிவு தப்புன்னு 2025 ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா' காட்டுச்சு. அஸ்வின் குமார் இயக்கின படம். 'கே.ஜி.எஃப்', 'காந்தாரா' எடுத்த ஹொம்பாலே ஃபிலிம்ஸ் அதைத் தன் பேரில் வழங்குச்சு. வசூல் 300 கோடி ரூபாயைத் தாண்டினதா செய்திகள் வந்துச்சு. பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. ஹொம்பாலே லோகோ முன்னாடி வராம இருந்திருந்தா, அந்தப் படம் எத்தனை தியேட்டருக்குப் போயிருக்கும்?

தம்பிக்குப் பதில்

முத்தையாபுரம் தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். எவன் தடுத்தான்னு கேட்டே. 1980-களில் அரசாங்கம் ஒரு கதவை மூடுச்சு, அது உண்மை. ஆனா அதுக்கு அப்புறம் இருபது, முப்பது வருஷம் யாரும் எதையும் தடுக்கல. நீங்க இருக்கீங்கன்னு கம்பெனிகளுக்குத் தெரியல. தெரிஞ்சதும் வந்துட்டாங்க.

இதில் சந்தோஷமும் இருக்கு, ஒரு கவலையும் இருக்கு. இப்போ தமிழ்ல பேசி வர்ற பெரிய அனிமே படங்கள் பெரும்பாலும் உலகப் பெரும் கம்பெனிகள் கையில். ஏற்கெனவே ஜெயிச்ச படத்தைத்தான் அவங்க எடுத்துட்டு வர்றாங்க. அதாவது, திறந்து பார்த்து, முத்து இருக்குன்னு தெரிஞ்ச சிப்பி. திறக்காத சிப்பிக்கு யார் இருக்கா? இன்னைக்கு நம்ம ஊரில் ஒரு பிள்ளை லேப்டாப்பில் உட்கார்ந்து, உப்பளத்தையும் தோணியையும் வச்சு ஒரு அனிமேஷன் படம் பண்ணினா, அதை ஜப்பானுக்கு வேண்டாம், மதுரைக்கு எடுத்துட்டுப் போக யார் இருக்கா?

சாகோ காத்திருந்தார், பார்க்காமலே போயிட்டார். நம்ம பிள்ளைங்களை அவ்வளவு நாள் காக்க வைக்காம இருக்கிறதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு. 50,000 கையெழுத்து ஒரு படத்தைக் கடல் தாண்டி வர வச்சிருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளை படம் எடுத்து, எங்கயாவது ஒரு சின்ன அரங்கில் போட்டா, நூறு பேரு காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்காருங்க. கம்பெனிக்காரங்க அந்த எண்ணிக்கையைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

சின்ன வயசில் இந்த ராமாயணத்தை நீங்க எங்க, யாரோட பார்த்தீங்க? ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.